பிக்கப்பைக் குறை சொல்வதற்கு முன்

(எலக்ட்ரிக் கிதார் பழகும் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறைந்த விலையில் எலக்ட்ரிக் கிதார் வாங்கியவர்களிடம் சில மாதம் கழித்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கிதார் பரவாயில்லை சார், பிக்கப்தான் சரியில்லை." என்ன சரியில்லை என்று கிளறிக் கேட்டால் நான்கு குறைகள் வெளியே வரும். சத்தம் மந்தமாக, அமுங்கிப்போய் இருக்கிறது என்பார் ஒருவர். காதைக் குத்துகிறது என்பார் இன்னொருவர். ஆம்பைப் போட்டாலே உறுமல் என்பார் மூன்றாமவர். வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கிதாரே செத்துப்போகிறது என்பார் நான்காமவர். குறைகள் நான்கு, சொல்லும் மருந்து மட்டும் ஒன்று: பிக்கப்பை மாற்று. அந்த மருந்தின் விலை சில சமயம் கிதாரின் விலையையே நெருங்கிவிடும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது. பிக்கப்புக்கு என்று தனியாக ஒரு குரல் கிடையாது. பிக்கப், சுவிட்ச், வால்யூம், டோன், கேபிள், ஆம்பின் நுழைவாயில் எல்லாம் சேர்ந்தது ஒரே மின்சுற்று. நம் காதில் விழுவது அந்தச் சுற்றின் குரல். நான் சொன்ன நான்கு குறைகளில் பெரும்பகுதி பிக்கப்பைத் தொடாமலே சரியாகக் கூடியவை. இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான்.

முதலில் பிக்கப் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள், அதற்கு மேலே எஃகுத் தந்தி. தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது, வேறு மாயம் எதுவும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் என்பவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் அமெரிக்காவில் இதை ஹவாய் பாணிக் கிதாரில் பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். போஷாமுக்கு அதற்கான காப்புரிமை 1937இல் கிடைத்தது. பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. எஃகு அசைவதை மட்டும்தான் அது அறியும். அதனால்தான் நைலான் தந்தி போட்டால் ஊமையாகிவிடுகிறது.

ஃபென்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஏறத்தாழ 8000 சுற்று இருக்கும். கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். முழுவதையும் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். அவ்வளவு நீளமான கம்பி இருப்பதால்தான் மல்டிமீட்டரை வைத்தால் 6 கிலோ ஓம் அளவுக்குக் காட்டுகிறது. கடையில் சிலர் இந்த எண்ணை மட்டும் பார்த்து "இது ஹாட் பிக்கப்" என்பார்கள். கம்பியை இன்னும் மெலிதாக எடுத்தால் சுற்று கூடாமலேயே இந்த எண் கூடிவிடும். எனவே ஓம் கணக்கை வைத்துச் சத்தத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

விலை குறைந்த பிக்கப்புக்கும் விலை கூடிய பிக்கப்புக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஃபென்டர் முறையில் தந்திக்கு அடியில் நிற்கும் ஆறு தூண்களுமே காந்தம்தான். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் அது. சிக்கன முறையில் தூண்கள் வெறும் இரும்பாக இருக்கும், அடியில் ஒரு பீங்கான் காந்தப் பட்டையை ஒட்டியிருப்பார்கள். பிக்கப்பைப் புரட்டிப் பார்த்தாலே பட்டை தெரியும். ஸ்குவையர் அஃபினிட்டி வரிசையில் பீங்கான், கிளாசிக் வைப் வரிசையில் அல்நிகோ. யமஹா பசிஃபிகாவிலும் அப்படித்தான், 012இல் பீங்கான், 112விஇல் அல்நிகோ. விளம்பரமும் இதைத்தான் முன்னால் வைக்கிறது.

அதற்காகப் பீங்கான் என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் வந்து ஹார்டு ராக் உலகத்தையே மாற்றிய டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பது பீங்கான் காந்தம். வித்தியாசம் காந்தத்தின் விலையில் இல்லை. அதே சுற்றுகளுக்கு நடுவே அல்நிகோ தூணுக்குப் பதில் இரும்புத் தூண் நின்றால் சுருளின் தூண்டம் (இன்டக்டன்ஸ்) கூடுகிறது. தூண்டம் கூடினால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த விஷயம்.

ஊஞ்சலுக்கு அதற்கே உரிய ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தில் தள்ளினால் உயரப் போகும், வேறு வேகத்தில் தள்ளினால் போகாது. பிக்கப்பும் கேபிளும் சேர்ந்த சுற்றுக்கும் அப்படி ஓர் அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் சத்தம் எழும்பும், அதற்கு மேலே சரிந்துவிடும். சுருளின் தூண்டத்தையும் கேபிளின் மின்தேக்கத்தையும் (கெப்பாசிட்டன்ஸ்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதை 2 பையால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒற்றைச் சுருளின் தூண்டம் 2.4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கிதார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். சுருளுக்கே ஒரு 100 சேர்த்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் கேபிளில் மொத்தம் 400. விடை ஏறக்குறைய 5100 ஹெர்ட்ஸ். அதே கிதாரில் 6 மீட்டர் கேபிள் போட்டால் மொத்தம் 700. விடை 3900 ஹெர்ட்ஸ். கிதாரில் ஒன்றையும் தொடவில்லை, கேபிளை மட்டும் மாற்றினோம். ஒலியின் உச்சி 1200 ஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிட்டது.

[இரண்டு கேபிள்களிலும் ஒரே வரிசை வாசித்துக் காட்டப்பட்டது.]

கேட்டீர்களா? இரண்டாவது முறை தந்தியில் பிக் படும் கிளிக் சத்தம் மழுங்கியது. வீட்டில் நீளமான கேபிளை வைத்துக்கொண்டு "பிக்கப் மந்தம்" என்று சொல்பவர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, நீளம் ஒன்றாக இருந்தாலும் மலிவான கேபிள்களில் மின்தேக்கம் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடும். கேபிள் மாற்றுவது பிக்கப் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

அடுத்து கிதாரைத் திறப்போம். இங்கே மேசையில் இருப்பது ஸ்ட்ராட் வகைக் கிதார், விலை குறைந்தது, பெயர் வேண்டாம். பிக்கார்டில் 11 ஸ்க்ரூ. தந்திகளைக் கழற்றிவிட்டு இப்படிப் புரட்டிப் போட்டால் எல்லாம் பிக்கார்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். இதோ, சின்னச் சின்ன வால்யூம் கன்ட்ரோல்கள், 16 மில்லிமீட்டர் அளவு. விலை கூடிய கிதாரில் இவை 24 மில்லிமீட்டர் இருக்கும். சுவிட்ச், திறந்த இரும்புச் சட்டத்தில் இல்லாமல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடியிருக்கிறது. பச்சை நிறத்தில் ஒரு கன்டன்சர், அதன்மேல் 473 என்று அச்சிட்டிருக்கிறது. 0.047 மைக்ரோஃபாரட் என்று பொருள். 223 என்றிருந்தால் 0.022. மரத்தில் குடைந்த பள்ளத்தைப் பாருங்கள், உள்ளே பூச்சு எதுவும் இல்லை, வெறும் மரம். இந்த எர்த் வயரின் முனையில் ஈயம் மங்கிய சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கிறது. நன்றாகச் சூடேறிப் பிடித்த ஈயம் பளபளப்பாக, சரிவாகப் பரவி இருக்கும். இப்படி உருண்டு நிற்பது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. இன்று வேலை செய்யும், நாளை கரகரக்கும்.

தயாரிப்பாளர் பணத்தை எங்கே மிச்சம் பிடித்தார் என்பது இப்போது தெரிகிறது. பிக்கப்பில் பிடித்ததைவிட அதிகமாக இங்கேதான் பிடித்திருக்கிறார்.

இந்த வால்யூம் கன்ட்ரோலின் வயிற்றில் பி 500 கே என்று எழுதியிருக்கிறது. இதில் இரண்டு செய்தி உண்டு. 500 கே என்பது மின்தடை. நான் சொன்ன அந்த ஒலி உச்சியை எவ்வளவு எழும்ப விடுவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. தடை குறைவாக இருந்தால் உச்சி அமுங்கும், கூடுதலாக இருந்தால் நிமிரும். ஒற்றைச் சுருளுக்கு 250, இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பது நெடுநாள் வழக்கம். ஒற்றைச் சுருள் இயல்பாகவே கூர்மையானது. அதற்கு 500 போட்டால் காதைக் குத்தும். ஹம்பக்கருக்கு 250 போட்டால் மந்தமாகும்.

பிரிட்ஜில் ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் ஒற்றைச் சுருள் என்ற அமைப்பு இப்போது நடுத்தர விலைக் கிதார்களில் மிகவும் பரவலாகிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வால்யூம் கன்ட்ரோல். ஏதாவது ஒரு மதிப்பைத்தான் போட முடியும். ஒரே மாடலை வாங்கிய ஒருவர் "குத்துகிறது" என்றும், மற்றவர் "மந்தம்" என்றும் சொல்வதன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது. ஒருவர் நெக்கில் வாசிக்கிறார், மற்றவர் பிரிட்ஜில் வாசிக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. அதோடு இந்தக் கன்ட்ரோல்களின் மதிப்பு 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 500 என்று எழுதியது 400ஆகவும் இருக்கும், 600ஆகவும் இருக்கும். அளக்க விரும்பினால் சுற்றிலிருந்து ஒரு காலைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். அப்படியே வைத்து அளந்தால் பிக்கப்பின் 6 கிலோ ஓம் குறுக்கே வந்து எண்ணைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது செய்தி அந்த பி. ஆசிய நாட்டுத் தயாரிப்புகளில் ஏ என்றால் காதின் போக்குக்கு ஏற்ற வளைவு, பி என்றால் நேர்கோடு. நம் காது ஒலியை நேர்கோட்டில் கேட்பதில்லை. அதனால் பி போட்ட கிதாரில் 10லிருந்து 3 வரை திருப்பினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதற்குக் கீழே திடீரென்று சத்தம் விழுந்துவிடும். மெல்ல மெல்லக் குறைத்து வாசிக்க வழியில்லை.

வால்யூமைக் குறைத்தால் கூர்மை போய்விடுகிறது என்ற குறை இதோடு சேர்ந்தது. ஆனால் இது மலிவுக் கிதாரின் குறை அல்ல, விலை கூடியதிலும் உண்டு. குமிழைத் திருப்பும்போது பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு தடை நுழைகிறது. அந்தத் தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து மேல் சுருதிகளைத் தின்றுவிடுகின்றன. வால்யூமின் உள்வழிக்கும் வெளிவழிக்கும் குறுக்கே 1000 பிகோஃபாரட் கன்டன்சரும் அதற்கு இணையாக 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் பற்றவைத்தால் பெருமளவு சரியாகிவிடும். சென்னை ரிட்ச்சி தெருவில் இரண்டும் சேர்ந்து ஒரு டீ விலைக்குக் கிடைக்கும்.

கன்டன்சர் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. பழைய எண்ணெய்த்தாள் கன்டன்சர் போட்டால் டோன் மாறும் என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். டோன் கன்ட்ரோலில் காதுக்குத் தெரிவது கன்டன்சரின் மதிப்பு. 473ஐ எடுத்துவிட்டு 223 போட்டுப் பாருங்கள், டோனை முழுக்கக் குறைக்கும்போது வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். அதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை.

இனி உறுமல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், சுவருக்குள் போகும் வயர் எல்லாவற்றைச் சுற்றியும் அந்த 50 ஹெர்ட்ஸ் புலம் இருக்கிறது. 8000 சுற்றுள்ள சுருள் தந்தியையும் பிடிக்கும், இதையும் பிடிக்கும். ஒற்றைச் சுருளின் இயல்பு அது. விலை கூடிய ஸ்ட்ராட்டும் உறுமும்.

இதற்கு விடை கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, சுற்றும் திசையையும் காந்த முனையையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ரத்தாகிறது. தந்தியின் ஒலி இரண்டு முறை தலைகீழாவதால் சேர்ந்து வலுக்கிறது. 1955இல் விண்ணப்பித்தார், 1959இல் காப்புரிமை கிடைத்தது. ஹம்பக்கரின் பிறப்பு இதுதான். இதே தந்திரத்தைத்தான் இன்று பல ஸ்ட்ராட் வகைக் கிதார்களில் நடு பிக்கப்பில் செய்கிறார்கள். சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் மட்டும் உறுமல் நின்றுபோனால் உங்கள் நடு பிக்கப் அப்படி எதிர்முறையில் சுற்றியது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இயல்பான உறுமல் வேறு, கோளாறான உறுமல் வேறு. தந்தியின் மேல் கை வைத்துப் பாருங்கள். கை வைத்ததும் உறுமல் குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் சரியாக இருக்கிறது. மாற்றமே இல்லை என்றால் அந்த வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கை வைத்ததும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. எர்த் சரியாக இருக்கும் கிதாரில்கூட மரப் பள்ளத்துக்குள் செம்புத் தகட்டு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் கரகரப்பில் ஒரு பங்கு போய்விடும். 50 ஹெர்ட்ஸின் அடி உறுமல் முழுவதும் போகாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் விரல் படும் தந்தி ஆம்பின் எர்த்தோடு நேரே இணைந்திருக்கிறது. ஆம்பின் மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவது, எர்த் இல்லாத மண்டபத்தில் மைக்கைத் தொட்டுக்கொண்டு வாசிப்பது எல்லாம் விளையாட்டு அல்ல. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சியில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியாக இல்லாத மைக்தான் காரணம்.

அடுத்தது சுருளைப் பிரிக்கும் சுவிட்ச். யமஹா 112விஇல் டோன் குமிழை இழுத்தால் பிரிட்ஜ் ஹம்பக்கரில் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். வாங்கியவர்கள் சொல்லும் அபிப்பிராயம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயன் இருக்கிறது, ஆனால் ஸ்ட்ராட் மாதிரி இல்லை, சன்னமாக இருக்கிறது." இருக்க முடியாது. ஹம்பக்கரில் ஒரு சுருளுக்குச் சுமார் 5000 சுற்றுதான் இருக்கும். ஸ்ட்ராட்டில் 8000. மூவாயிரம் சுற்று குறைந்தால் சத்தம் குறையும், உறுமல் திரும்பி வரும். இதைக் குறையாகப் பார்க்காமல் மூன்றாவது ஒரு குரலாகப் பயன்படுத்துபவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. எந்தச் சுருள் உயிரோடு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தூண்களை மெல்லத் தட்டுங்கள். ஆம்பில் 'டக்' என்று கேட்பது உயிருள்ள சுருள்.

ஸ்க்ரூடிரைவரால் இன்னொரு வேலையும் ஆகும். ஒரு தம்பி புதுக் கிதாரோடு வந்தார். மூன்று பிக்கப்பையும் மாற்றித் தர வேண்டும் என்றார். தனித்தனியாக வாசித்தால் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. நெக்கும் நடுவும் சேர்ந்தால் ஒலி மூக்கடைத்துக்கொள்கிறது. நடுவும் பிரிட்ஜும் சேர்ந்தாலும் அப்படியே. இரண்டு ஜோடியிலும் பொதுவாக இருப்பது நடு பிக்கப். முள் வைத்த பழைய மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஜாக்கில் இணைத்தோம். இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் மேல் படுக்க வைத்து வெடுக்கென்று தூக்கினால் முள் ஒரு பக்கம் துள்ளும். நெக்குக்கு வலப்பக்கம், பிரிட்ஜுக்கு வலப்பக்கம், நடுவுக்கு இடப்பக்கம். தொழிற்சாலையில் யாரோ நடு பிக்கப்பின் கறுப்பு வயரையும் வெள்ளை வயரையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள். இரண்டையும் இடம் மாற்றியதும் கிதார் சரியாகிவிட்டது. தம்பி பிக்கப் வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல கேபிளும் தந்தி செட்டுகளும் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த மூக்கடைத்த ஒலியையும் ஸ்ட்ராட்டின் புகழ்பெற்ற 'குவாக்' ஒலியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டில் சுவிட்சுக்கு மூன்றே நிலைகள். வாசித்தவர்கள்தான் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்க நிறுத்தி அந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் ஃபென்டர் ஐந்து நிலைச் சுவிட்சைப் போட்டது. அங்கே இரண்டு பிக்கப்பும் ஒரே திசையில்தான் இணைந்திருக்கின்றன. தந்தியின் இரு வேறு இடங்களில் கேட்பதால் சில சுருதிகள் தேய்ந்து, சில எழுகின்றன. எதிர்த்திசை இணைப்பு என்பது வேறு. அடி ஒலி முழுதும் கரைந்து சன்னமான நரம்பு மட்டும் மிஞ்சும்.

அந்த எதிர்த்திசைக்கும் ஒரு மரியாதை உண்டு. கிதார்க் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிதாரில் நெக் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பும் சேரும்போது வரும் அந்த வறண்ட, அழுகிற ஒலி அவருடைய அடையாளமே ஆகிவிட்டது. அந்தக் கிதார் பிறகு இன்னொரு கிதார்க் கலைஞரான கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹேமட்டிடம் இருக்கிறது. தம்பியின் கிதாரில் பிழை, பீட்டர் கிரீனின் கிதாரில் பொக்கிஷம். சுற்று ஏறக்குறைய ஒன்றுதான். எது வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

மலிவும் வயரிங்கும் சேர்ந்து ஒரு புதுக் குரலையே படைத்த வரலாறும் உண்டு. அமெரிக்காவில் நேத்தன் டேனியல் என்பவர் டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தை 1947இல் தொடங்கினார். 1954 முதல் கிதாரும் செய்தார். சியர்ஸ் கடையின் தபால் விற்பனைப் பட்டியலில் சில்வர்டோன் என்ற பெயரில் அவை விற்றன. நல்ல மரத்துக்குப் பதில் மரச்சட்டத்தின் மேல் அழுத்திய மரநார்ப் பலகையை ஒட்டினார். பிக்கப்புக்கு மூடி வேண்டும். அதற்கென்று அச்சு வார்க்கச் செலவு செய்யாமல் லிப்ஸ்டிக் குழாய்களை வாங்கினார். காந்தப் பட்டையைச் சுற்றிக் கம்பி சுற்றி, டேப் ஒட்டி, குழாய்க்குள் செருகிவிட்டார். இரண்டு பிக்கப்பும் ஒன்றாக வேலை செய்யும் நிலையில் மற்றவர்கள் இணையாக இணைத்தபோது இவர் தொடராக இணைத்தார். தொடரில் இரண்டின் மின்னழுத்தமும் கூடும். நடு நிலைக்கு வந்ததும் சத்தம் பெருத்து முன்னால் வரும். சன்னமாகப் பளிச்சென்று பேசும் தனி பிக்கப், சேர்ந்தால் கனத்த குரல். ஜிம்மி பேஜ் லெட் ஸெப்லின் மேடைகளில் இந்த வகைக் கிதாரை எடுத்தது விலை மலிவு என்பதற்காக அல்ல. வேறு கிதாரில் இல்லாத குரல் அதில் இருந்தது.

வயரிங்கால் தனிக் குரல் படைத்த இன்னொருவர் குயீன் குழுவின் பிரையன் மே. 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து கிதார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மரம். பிக்கப்பையும் முதலில் தாமே செய்து பார்த்தார். தந்தியை வளைத்து இழுக்கும்போது ஒலி சீராக வராததால் பர்ன்ஸ் ட்ரைசோனிக் பிக்கப்புகளை வாங்கினார். அவற்றை வழக்கமான சுவிட்சில் இணைக்காமல் மூன்றையும் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆன் ஆஃப் சுவிட்ச் ஒன்றும் திசை மாற்றும் சுவிட்ச் ஒன்றும் வைத்தார். குயீன் பாடல்களில் கேட்கும் அத்தனை நிறங்களும் அந்த ஆறு சுவிட்சுகளின் வழியாக வந்தவை. கிதார்க் கலைஞர் எடி வான் ஹேலன் இதற்கு நேர் எதிர். ஐம்பது டாலருக்கு வாங்கிய உடல், எண்பது டாலர் கழுத்து, வேறொரு கிதாரிலிருந்து எடுத்த ஒரு ஹம்பக்கர். கன்ட்ரோல் ஒன்றே ஒன்று, வால்யூம். அதன் தலையில் இருந்த குமிழில் 'டோன்' என்று எழுதியிருந்தது. ஒருவர் சுற்றைப் பெருக்கினார், ஒருவர் சுருக்கினார். இருவரும் தம் கிதாரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்திருந்தார்கள்.

காசே செலவாகாத ஒரு திருத்தமும் இருக்கிறது. பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு தூணுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். ஸ்ட்ராட் வகைக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4, மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டரில் தொடங்கலாம். சத்தம் வேண்டும் என்று மிக அருகே ஏற்றிவிட்டால் காந்தம் தந்தியை இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தடுமாறும், ஒலி நடுங்கும், சீக்கிரம் அணைந்துவிடும். மிகவும் இறக்கிவிட்டால் மந்தம். இந்த ஸ்க்ரூவை ஒருமுறைகூடத் திருப்பாமல் "பிக்கப் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் பிக்கப்பை மாற்றவே கூடாதா? மாற்றலாம், காரணம் இருந்தால். மீட்டரில் எண்ணே வராமல் திறந்த சுற்றாகக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. டிஸ்டார்ஷனில் தந்தியை அமுக்கிப் பிடித்தும் கீச்சென்று கத்தினால் சுருள் தளர்வாக இருக்கிறது. அதை 65 டிகிரி அளவில் உருகிய மெழுகில் ஊறவைத்தும் சரிசெய்யலாம். அதற்கு மேல் சூடேறினால் பிளாஸ்டிக் சட்டம் கோணிவிடும். உங்களுக்கு வேண்டிய இசைக்கே இந்த வகை பிக்கப் பொருந்தவில்லை என்றால் அதுவும் நியாயமான காரணம். இல்லாவிட்டால் வரிசை இப்படி இருக்கட்டும்: புதுத் தந்தி, பிக்கப் உயரம், கேபிள். பிறகு ஜாக், சுவிட்ச், எர்த். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றில் ஜாக்கும் கன்ட்ரோலும் சீக்கிரம் துருவேறும், கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பாதிக் கரகரப்பு போய்விடும். அதன் பிறகு ஏ வகை வால்யூம் கன்ட்ரோல். பிக்கப் கடைசி.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1950களின் கிதார்களைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் ஈயத்தைத்தான். தொழிற்சாலையில் வைத்த பற்றவைப்பு கலையாமல் இருந்தால் ஒரு விலை, யாராவது தொட்டிருந்தால் வேறு விலை. அந்தக் கிதாரின் சொந்தக்காரர் தம் கிதாரைத் தாமே திறக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பயம் கிடையாது. ஒரு வயரைத் தவறாகப் பற்றவைத்தால் மறுபடி கழற்றி வைக்கலாம். கன்டன்சரை மாற்றிக் கேட்கலாம், பிடிக்கவில்லையென்றால் பழையதையே போடலாம். குறைந்த விலைக் கிதார் தரும் பெரிய வசதி அது. அந்த வசதியைப் பயன்படுத்தியவர் அடுத்த கிதார் வாங்கக் கடைக்குப் போகும்போது விளம்பரத்தில் எதைப் படிக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் மேசைக்குப் பக்கத்தில் வரலாம். மீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன.